அறியாமற் கொல்வோரும் அறிந்து விற்போரும்

நமது கமக்காரர் பயிருக்கு அடிக்கும் நஞ்சினை ‘மருந்து’ என்றே வழங்குகின்றனர். ‘மருந்தடித்தல்’ என்னும் சொல் கடைத்தெருவிலும் வயல் வரம்பிலும் ஒன்றுபோலப் பயின்று வருகின்றது. நோயுற்ற உடலுக்கு உயிரளிப்பதை உணர்த்தும் சொல், உயிரைப் போக்கும் பொருளுக்குப் பெயராயிற்று. சொல் மாறிய இடத்திற் சிந்தனையும் மாறியிருத்தல் இயல்பே. மருந்து என்றால் அதனை வேண்டாமென்று தள்ளுபவன் மூடன், கூடுதலாகக் கொடுத்தாற் கூடுதலான சுகம், கொடுப்பவன் உபகாரி. நஞ்சு என்று வழங்கியிருப்போமாயின் நாம் வேறு வினாக்களை எழுப்பியிருப்போம். யாரைக் கொல்ல இது வாங்கப்பட்டது? உண்மையில் யாரைக் கொன்றது? அதற்கு யார் பொறுப்பு? இம்மூன்று வினாக்களையும் ஒரு சோளக்காட்டின் நடுவே நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோளக்காட்டைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 2018–2019 பெரும்போகத்திலே அம்பாறை, மொனராகலை, அநுராதபுரம் முதலிய மாவட்டங்களின் சோளச் செய்கையை ஒரு புதிய புழு தாக்கியது. படைப்புழு என்றும் சேனாப் புழு என்றும் அதனை அழைத்தனர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட அப்புழு, 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் நமது தீவையும் வந்தடைந்தது. அதன் அந்து ஓரிரவிலே 100 கிலோமீற்றர் தூரம் பறக்கவல்லது. தன் வாழ்நாளில் 1,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. மாரி மழையை நம்பி, கடன்பட்டு விதையும் பசளையும் வாங்கிச் சோளமிட்ட குடும்பங்கள், தம் கண்முன்னே குருத்துக்கள் சல்லடையாவதைக் கண்டன. அவ்வேளையிற் பலர் தெளிகருவியைத் தோளில் மாட்டினர் என்றால் அதில் வியப்பில்லை. அவர்களைக் குறைகூறுவது நமது நோக்கமுமன்று.

ஆயினும், தெளித்தபோது அக்காட்டில் யார் யார் இருந்தனர் என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். படைப்புழுவின் அந்து இலையின்மேல் முட்டைகளைக் கும்பலாக இட்டுத் தன் உடலின் செதில்களால் மூடிவிட்டுச் செல்கின்றது. அம்முட்டைகளைத் தேடி, ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் வருகின்றன. ட்ரைக்கோகிராமா, டெலனோமஸ் என உயிரியலார் பெயரிட்டவை இவை. புழுவின் முட்டைக்குள்ளே இவை தம் முட்டையை இடுகின்றன. புழு வெளிவரவேண்டிய இடத்திலிருந்து குளவி வெளிவருகின்றது. தப்பிப் பொரித்த சிறு புழுக்களை எறும்பும் பொறிவண்டும் தின்கின்றன. கண்ணாடி போன்ற சிறகுடைய பூச்சியின் குடம்பி தின்கின்றது. வாலிலே இடுக்கி போன்ற கவையுடைய பூச்சியொன்று குருத்தின் மடிப்புக்குள்ளே புகுந்து வேட்டையாடுகின்றது. நிலத்திலே ஓநாய்ச் சிலந்திகள் வலை பின்னாது ஓடித்திரிந்து இரை பிடிக்கின்றன. இலையிடுக்கிற் பதுங்கியிருந்து பாயும் சிலந்திகளும் உள. இலைக்கும் இலைக்குமிடையே வலைகட்டிக் காத்திருப்பனவும் உள. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கென்று அடித்த நஞ்சோ கால்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வுயிர்கள் யாவும் சேர்ந்து புழுவை அடியோடு ஒழித்துவிடும் என்று கூறினால் அது மிகைபடக் கூறலாகும். அவை செய்வது புழுவின் தொகையைக் கட்டுக்குள் வைப்பதே. இளஞ்சோளம் தன் இலைகளிற் கணிசமான பகுதியை இழந்தும் தேறி வளரவல்ல பயிர். பயிரின் இந்தப் பொறுமைக்கும் புழுவின் பெருக்கத்துக்குமிடையே நின்று வேலைசெய்வன சிலந்தியும் குளவியும் எறும்புமாம். அவ்வேலை சில பருவங்களிற் போதாமலும் போகலாம். போதும் பருவங்களில், அது நடந்ததாகவே எவருக்கும் தெரிவதில்லை.

ஓகனோபொஸ்பேற், பைரத்ரொயிட் முதலிய பரந்த தாக்கமுடைய பூச்சிநாசினிகள் நரம்பைத் தாக்கிக் கொல்வன. நரம்புள்ள சிற்றுயிர் எதுவாயினும் அவற்றுக்கு ஒன்றே. ஆனால் அந்தத் தாக்கம் எல்லா உயிர்கள்மீதும் சமமாக விழுவதில்லை என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வளர்ந்த படைப்புழு குருத்தின் ஆழத்திலே, தன் எச்சத்தால் வாயில் அடைபட்ட பொந்தினுள் இருக்கின்றது. நஞ்சின் துளிகள் அதனை எளிதில் எட்டுவதில்லை. அதனைத் தேடி அலையும் சிலந்தியும் எறும்பும் வண்டும் நஞ்சு படிந்த இலைமேலும் நிலத்தின்மேலும் நாள் முழுவதும் நடக்கின்றன. நஞ்சுண்டு தளர்ந்த புழுவைத் தின்னும்போது அவை இரண்டாம் முறையும் நஞ்சுண்கின்றன. தாவரங்கள் தம்மைக் காக்கச் சுரக்கும் நச்சுப் பொருள்களை முறித்து முறித்துப் பழகிய புழுவின் உடல், மனிதர் தெளிக்கும் நஞ்சையும் முறிக்க விரைவிற் பழகிக்கொள்கின்றது. ஊனுண்ணும் சிற்றுயிர்களுக்குப் பெரும்பாலும் அப்பழக்கம் இல்லை. சாகாது எஞ்சியவையும் முழுமையாக எஞ்சுவதில்லை. சிறிதளவு நஞ்சுபட்ட சிலந்தி வலையைச் செம்மையாகப் பின்ன இயலாது போகலாம். குளவி தான் முட்டையிடவேண்டிய இடத்தைக் கண்டறியாது தடுமாறலாம். ஓநாய்ச் சிலந்தித் தாய் முதலில் முட்டைப்பையையும் பின்னர்க் குஞ்சுகளையும் தன் உடலிலேயே சுமந்து திரிவது. அத்தாய் மாண்டால் அந்தத் தலைமுறையும் அதனுடன் மாள்கின்றது.

தெளித்த சில நாட்களிற் காடு அமைதியுறுகின்றது, கமக்காரரும் ஆறுதலடைகின்றார். ஆனால் முதலில் திரும்பி வருவது பகையே. இரையில்லாத இடத்தில் வேட்டையாடும் உயிர் பெருக முடியாதாகையால், துணை பின்னரே வருகின்றது. இடைப்பட்ட காலத்திற் காவலற்ற காட்டிலே புழு தடையின்றிப் பெருகுகின்றது, மீண்டும் தெளிக்கவேண்டியதாகின்றது. சில வேளைகளில், முன்னர் எவருடைய கவனத்தையும் பெறாத வேறோர் உயிர் புதிய பீடையாக எழுவதும் உண்டு. வட அமெரிக்கச் சோள வயல்களிலே புழுக்களுக்கென்று பைரத்ரொயிட் அடித்த பின்னர் இலைச்சாற்றை உறிஞ்சும் சிற்றுண்ணிகள் பெருகியமை அறிவியலார் நன்கறிந்த செய்தியாகும். அவற்றைத் தின்று அடக்கிவந்த உயிர்கள் மாண்டமை அதற்கு ஒரு காரணம்.

இச்சுழலைப் பொருளாதாரக் கண்கொண்டு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. சிலந்தியும் குளவியும் செய்த வேலைக்குக் கூலி இல்லை. அது எவருடைய தனியுடைமையுமன்று. ஊர்ப் பொதுக்குளம் போல அனைவர்க்கும் உரியது. அது அழிந்தபின் அதே வேலையைப் போத்தலில் அடைத்த பொருளொன்று செய்யவேண்டியிருக்கின்றது. போத்தலுக்கு விலையுண்டு, கடனாக வாங்கினால் விலைக்கு வட்டியுமுண்டு. விலையின்றிக் கிடைத்ததை அழித்து, அதன் இடத்தில் விலைப்பொருளை வைக்கும்போது, அழிவே ஒரு சந்தையை உண்டாக்கிவிடுகின்றது. எந்த வியாபாரியும் சிலந்திகளைக் கொல்லவேண்டுமென்று சூழ்ச்சி செய்தான் என நாம் கூறவில்லை. சூழ்ச்சி தேவையுமில்லை. சிலந்தி பிழைத்தால் எவனுடைய விற்பனை குறையுமோ, அவனிடமே சென்று ஆலோசனை கேட்கும் நிலையிற் கமக்காரர் விடப்பட்டிருப்பது போதும்.

இவ்விடத்தில் அறவியல் வினாவொன்று எழுகின்றது. புழுவைக் கொல்லலாம், சிலந்தியைக் கொல்லலாகாது என்பது எந்த நீதி? கொல்லாமைக்குத் தனியொரு அதிகாரம் வகுத்த திருக்குறளைப் படிக்கும் சமுதாயம் நாம். ஆயினும், பிள்ளைகளின் பசியை நினைந்து விடியற்காலையிற் குருத்தைப் பிரித்துப் புழுவை நசுக்கும் ஒரு தாயிடம் சென்று, உயிர்க்கொலை பாவம் என உபதேசிப்பது வயிறு நிறைந்தவர்களின் அறம் என்றே நாம் கருதுகின்றோம். அவள் எதைக் கொல்கின்றாள், ஏன் கொல்கின்றாள் என்பதை அறிவாள். கேட்டாற் காரணம் கூறுவாள். அச்செயலுக்கு எல்லையும் உண்டு. புழு தீர்ந்தாற் கையும் ஓயும். காடு முழுவதும் நஞ்சு பரப்பும் செயலுக்கு அவ்வாறு காரணம் கூறல் இயலாது. அங்கே மாண்ட உயிர்களிற் பல பயிரைத் தொடாதவை. சில பயிரைக் காத்தவை. தெளித்தவருடைய நோக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு பார்த்தாலும் அக்கொலை அந்நோக்கத்துக்கு மாறானதே. பகுத்தறியாமற் கொல்லும் முறையிலேயே குற்றம் உள்ளது.

‘நன்மை பயக்கும் பூச்சிகள்’ என்னும் தொடரையும் நாம் சற்று நிதானித்து நோக்குதல் நன்று. சிலந்தி நமக்காக வேலை செய்யவில்லை. தன் பசிக்காகவே வேட்டையாடுகின்றது. அந்து விழும் வலையிலேயே தேனீயும் விழுகின்றது. சிலந்தியை நம் தோழனாகச் சித்திரிப்பது கவிதைக்கு அழகாகலாம், உண்மைக்குப் பொருந்தாது. மேலும், சோளக்காட்டில் வாழும் சிற்றுயிர்களுட் பல நமக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. உக்கிய இலையைத் தின்பனவும், மகரந்தம் உண்பனவும், வெறுமனே வந்து போவனவும் ஆங்கு உள. உடனடிப் பயன் ஒன்றையே அளவாகக் கொண்டால் இவற்றை விட்டுவைக்கக் காரணமே இல்லை. ஆனால், புழு இல்லாத காலத்தில் வேட்டையாடும் உயிர்கள் இவற்றைத் தின்றே பிழைத்திருக்கின்றன. கணக்கில் வராத இவ்வுயிர்கள் இல்லையேற் கணக்கில் வரும் சிலந்தியும் இல்லை. உயிர்களை உடனடிப் பயன் கொண்டு தரம்பிரிக்கப் பழகிய கண், மனிதரையும் அவ்வாறே தரம்பிரிக்கப் பழகிவிடும் என்பது நமது அச்சம். வேலை செய்யும் கை வேண்டும், அக்கையையுடைய மனிதன் வேண்டாம் என்ற நீதியைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் நாம் காணாதவர்களல்லர்.

அவ்வாறாயிற் பொறுப்பு யாருடையது? தெளிகருவியைச் சுமந்த தோளினுடையதா? இவ்வினாவுக்கு விடைகாண நாம் சோளமும் படைப்புழுவும் நெடுங்காலமாக ஒருங்கே வாழும் மத்திய அமெரிக்காவுக்குச் செல்லுதல் பொருந்தும். 1980களின் பிற்பகுதியில் ஹொண்டுராஸ் நாட்டுச் சிறு கமக்காரரிடையே பணியாற்றிய ஜெப்ரி பென்ட்லி என்னும் மானிடவியலாளர், அவர்கள் எதனை அறிந்திருந்தனர், எதனை அறியாதிருந்தனர் என்பதை ஆராய்ந்தார். தாம் வளர்க்கும் பயிர்களை அவர்கள் மிக நுட்பமாக அறிந்திருந்தனர். தேனீக்களையும் கொட்டும் குளவிகளையும் அறிந்திருந்தனர். ஆனால் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றி அறிந்திலர். இதற்குக் காரணம் மடமையன்று. எளிதிற் காணக்கூடியதையும் தம் வாழ்வுக்கு முக்கியமானதையும் அவர்கள் ஆழமாக அறிந்திருந்தனர். புழுவின் முட்டைக்குள்ளும் உடலுக்குள்ளும் நிகழ்வதை உருப்பெருக்குக் கண்ணாடியின்றி எவரே காணமுடியும்? கல்லூரியிற் பயின்ற நாமும் அதனைப் பிறர் காட்டியே கண்டோம்.

அந்த அறிவு அவர்களை எட்டியபின் நிகழ்ந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. பயிற்சி பெற்ற கமக்காரர் சிலர், எறும்பையும் குளவியையும் பயிரின்பால் வரவழைப்பதற்காகச் சீனி கரைத்த நீரைச் சோளத்தின்மேல் தெளித்துப் பார்க்கத் தலைப்பட்டனர். பின்னர் ஆய்வாளர் அம்முறையைச் சோள வயல்களிற் பரிசோதித்து, இயற்கை எதிரிகள் கூடுவதையும் புழுவின் சேதம் குறைவதையும் பதிவுசெய்தனர். கமக்காரரின் கையில் உண்மையைக் கொடுத்தால் அவர் அதனை வைத்துக்கொண்டு வாளாவிருப்பதில்லை. அதிலிருந்து புதியதைச் செய்கின்றார் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கமக்காரர் அறியாதிருந்த காலத்தில் வேறு சிலர் அறிந்திருந்தனர் என்பதே இப்பிரச்சினையின் சாரம். 1936இல் ஜேர்மனியிற் பூச்சிநாசினி தேடிய இரசாயனவியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர், மனிதரைக் கொல்லும் தபூன் என்ற நரம்பு நஞ்சைக் கண்டுபிடித்தார். போர்க்கள நஞ்சும் வயல்வெளி நஞ்சும் ஒரே ஆய்வுகூடத்தின் பிள்ளைகள். டீ.டீ.ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1959ஆம் ஆண்டிலேயே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பூச்சியியலார் நால்வர், கண்மூடித்தனமான நாசினிப் பிரயோகம் இயற்கை எதிரிகளை அழித்துப் பீடைகளை மீண்டும் எழச் செய்கின்றது என விளக்கி, ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு முறையொன்றை முன்வைத்தனர். 1962இல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. ஆகவே, இவ்வறிவு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்கலைக்கழகங்களிலும் கம்பனிகளின் ஆய்வுகூடங்களிலும் இருந்துவந்துள்ளது. அங்கிருந்து நஞ்சு நமது கிராமத்தின் கடைசிக் கடைவரை வந்து சேர்ந்தது. அறிவு வந்து சேரவில்லை. அறியாமற் செய்தவரைவிட, அறிந்தும் சொல்லாது விற்றவரின் பொறுப்பு மிகப் பெரிது என்று துணிவதில் நமக்குத் தயக்கமில்லை.

அறிவும் அரசின் ஆணையும் ஒன்றுசேர்ந்தால் நிலைமையை மாற்றலாம் என்பதற்கு நெற்செய்கையிலிருந்து ஓர் உதாரணம் தரலாம். இந்தோனேசியாவிலே அரசே மானியம் கொடுத்துப் பூச்சிநாசினியைப் பரப்பியது. 1980களின் நடுப்பகுதியிற் கபிலநிறத் தத்தி நெல்வயல்களை எரித்தாற்போல அழித்தது. அதனைத் தின்னும் சிலந்திகளும் பூச்சிகளும் நஞ்சால் அழிந்தமையே தத்தியின் பெருக்கத்துக்குக் காரணம் என ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 1986இல் ஜனாதிபதி ஆணையொன்றின் மூலம் 57 வகைப் பூச்சிநாசினிகள் நெல்லுக்குப் பயன்படுத்தலாகாவெனத் தடைசெய்யப்பட்டன. 1989 அளவில் மானியமும் நிறுத்தப்பட்டது. அத்துடன் வயல்தோறும் கமக்காரர் கூடிப் பூச்சிகளை இனங்கண்டு ஆராயும் வயற்பள்ளிகளும் தொடங்கப்பட்டன. நாட்டின் நெல் உற்பத்தி வீழ்ந்துவிடவில்லை.

“பசித்தவனுக்குச் சிலந்தியைப் பற்றிய பாடம் எதற்கு?” என்று சிலர் வினவலாம். இவ்வினாவை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. நமது அண்மைக்கால வரலாறே அதற்குப் பாரம் சேர்க்கின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியை நமது அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. மாற்று வழிகள் ஆயத்தமாகவில்லை. கமக்காரர் எவரிடமும் கலந்தாலோசிக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இயற்கையின் பெயராலே செய்யப்பட்டதாயினும், அறிவைக் கொடாது ஆணையை மட்டும் கொடுத்த செயல் அது. நஞ்சை விற்றவன் கமக்காரரைக் கேளாத செவியுடையவனாக நடத்தினான். தடைசெய்தவனும் அவ்வாறே நடத்தினான். இரண்டின் சுமையும் ஒரே தோளில் விழுந்தது.

ஆயின் தடைகள் யாவும் தீயன என்று கொள்வதும் தவறு. 1995இல் மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள முதல் வகுப்புப் பீடைநாசினிகளையும், 1998இல் எண்டோசல்பானையும் நமது நாடு தடைசெய்தது. நஞ்சருந்தி மாண்டோரின் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. பயிர் விளைச்சல் அதனாற் குன்றியதாக ஆய்வாளர் காணவில்லை. தேர்ந்து, படிப்படியாக, சான்றுகளைக் கொண்டு செய்யப்பட்ட தடை மனிதரைக் காத்தது. ஓரிரவில் எல்லாவற்றையும் தடுத்த ஆணை மனிதரை வருத்தியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவர்கள் நஞ்சின் வியாபாரத்துக்கே துணைபோகின்றனர்.

இன்னொரு மறுப்பும் உண்டு. புழுவினத்தைச் சிறப்பாகத் தாக்கி, சிலந்திகளுக்கும் குளவிகளுக்கும் ஒப்பீட்டளவிற் குறைந்த தீங்கு செய்யும் நாசினிகள் இன்று உள்ளன. இதனை மறைப்பது நேர்மையாகாது. கடும் தாக்குதல் நேரும்போது தேர்ந்தெடுத்து அளவறிந்து அவற்றைப் பயன்படுத்துவதை நாம் எதிர்க்கவுமில்லை. ஆனால் புதியது என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. 2008இன் வசந்தகாலத்தில் ஜேர்மனியின் ரைன் நதிப் பள்ளத்தாக்கிலே, குளோத்தியானிடின் பூசிய சோளவிதை விதைக்கப்பட்டபோது இயந்திரத்திலிருந்து எழுந்த தூசி காற்றிற் பரவி, 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்களைப் பாதித்தது. விதைக்குள் அடங்கியிருக்கும் என்று சொல்லப்பட்ட நஞ்சு அது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்த வெளியிற் பயன்படுத்தத் தடைவிதித்தது. மேலும், படைப்புழு பல வகை நாசினிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுள்ள உயிர். ஒவ்வொரு புதிய நஞ்சையும் அது பழையதாக்கிவிடுகின்றது.

மாற்றுவழிகள் வானத்திலிருந்து விழவேண்டியவையல்ல. நம் முன்னோர் சேனையிலே சோளத்துடன் குரக்கனையும் பயறையும் பூசணியையும் கலந்து விதைத்தனர். மெக்சிக்கோவிற் சோளமும் அவரையும் பூசணியும் ஒன்றாக வளர்ந்தன. கலந்து வளரும் காட்டிற் சிற்றுயிர்களுக்கு ஒதுங்க இடமும் உண்ண உணவும் உண்டு. கென்யாவிலே, சோள வரிசைகளுக்கிடையில் அந்தை விரட்டும் டெஸ்மோடியம் என்ற அவரைக்குலச் செடியையும், சுற்றிலும் அதனைக் கவரும் புல்லையும் நட்டு வளர்க்கும் முறையொன்று உருவாக்கப்பட்டது. அங்கே படைப்புழுவின் தாக்குதல் குறைவதாக ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். இவற்றுக்கு உழைப்பும் விதையும் காலமும் தேவை என்பது உண்மையே. அந்தச் செலவு முழுவதையும் ஏழைக் கமக்காரரே ஏற்கவேண்டும் என்பவர், நஞ்சுக்கு மானியம் கொடுக்கப்பட்ட காலத்தை மறந்துவிட்டனர் எனலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும், நம்மிடம் பயிலும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் வரைந்து புள்ளி இட்டுவிட்டு, அதே சங்கிலி பாடசாலை வேலிக்கு அப்பால் அறுபடுவதைக் காணாதிருப்பது கல்வியாகாது. மலிவான ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் மாணவர் சோளக்காட்டுக்குச் செல்லட்டும். குருத்தைப் பிரித்துப் புழுவையும், இலையின் கீழே முட்டையையும், முட்டையின்மேல் குளவியையும், நிலத்திற் சிலந்தியையும் காணட்டும். கண்டதை எண்ணி எழுதட்டும். தத்தம் பெற்றோருக்குக் காட்டட்டும். அங்கே நாம் உபதேசிகளாகச் செல்லலாகாது. பயிரைப் பற்றிக் கமக்காரரிடம் நாம் கேட்டறிய வேண்டியவை அதிகம்.

அத்துடன் அரசிடம் நாம் உரத்துக் கேட்கவேண்டியவையும் உள. நாசினியை விற்பவர் ஒருவராகவும், அது தேவையா எனத் தீர்மானித்துச் சொல்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டக்கூடிய அளவுக்கு விவசாயப் போதனாசிரியர்கள் வேண்டும். எந்த நாசினி சிலந்தியையும் குளவியையும் தேனீயையும் கொல்லும் என்பது போத்தலின்மேல் தமிழிலும் சிங்களத்திலும், படிக்கக்கூடிய எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒட்டுண்ணிக் குளவிகளைப் பொதுச் செலவில் வளர்த்துக் கமக்காரருக்கு வழங்குதல் வேண்டும். இவை சலுகைகளல்ல. தெளிகருவியைச் சுமப்பவருக்கு, தான் எதைக் கொல்லப்போகின்றான் என்பதை அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமை மறுக்கப்பட்டிருக்கும்வரை சோளக்காட்டின் சாவுக்கு அவனைப் பொறுப்பாளியாக்குதல் நீதியன்று. அறிந்தபின் வாளாவிருந்தால் நமது பொறுப்பும் குறைந்ததன்று.